ஊசி போடாத டாக்டர்

கதவுக்கு பாலிஷ் போட ஆள் வந்திருந்தார். சதுரங்கப்பட்டினத்து உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. ஜன்னல் கம்பி துருவேறும், கீல் இறுகும், கதவில் பூசிய வார்னிஷ் இரண்டு மழைக்காலம் தாங்கினால் பெரிய விஷயம். வந்தவர் பழைய காலத்து ஆள். டின்னில் வரும் பாலிஷை நம்பாமல், அரக்குச் செதிலை முந்தின நாளே ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு, பாட்டிலில் கொண்டுவந்திருந்தார். மூடியைத் திறந்ததும் வாடை கூடம் முழுக்கப் பரவியது. மருமகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். நான் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“வாடை ஒத்துக்காதும்மா, உள்ள போயிடுங்க.”

“இந்த வாடைதாம்பா எனக்குச் சோறு போட்டுச்சு” என்றேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பஞ்சை நனைக்க ஆரம்பித்தார்.

எண்பதுகளில் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியின் ஃபிசியாலஜி ஆய்வுக்கூடத்தில் நுழைந்தால் முதலில் மூக்கில் ஏறுவது இந்த அரக்கும் ஸ்பிரிட்டும்தான். அதற்குப் பின்னால் மண்ணெண்ணெய்ப் புகை, அதற்கும் பின்னால் ஈரச் சாக்கில் தவளை. அன்றைக்கு ஃபிசியாலஜி என்றால் கைமோகிராஃப். சுழலும் ஓர் உருளை, அவ்வளவுதான். ரத்த அழுத்தத்தைக் கோடாக வரைந்து பார்ப்பதற்காக ஜெர்மானியர் கார்ல் லுத்விக் 1847-ல் அமைத்தது. நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் கழித்தும் நாங்கள் அதன் பேரப்பிள்ளையைத்தான் சுற்றிக்கொண்டிருந்தோம். எங்கள் பேச்சில் அது ‘ட்ரம்’.

ட்ரம்மைத் தயார் செய்வதே ஒரு வித்தை. வழவழப்பான வெள்ளைத் தாளை உருளையைச் சுற்றிச் சுருக்கமில்லாமல் ஒட்ட வேண்டும். பிறகு அகலத் திரி போட்ட மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் காட்டிச் சுழற்ற வேண்டும். நிதானித்தால் தாள் கருகிவிடும், அவசரப்பட்டால் கரி திட்டுத் திட்டாகப் பிடிக்கும். எங்கள் அட்டெண்டர் அண்ணன் கையில் மட்டும் அது ஒரே சீராகப் பிடிக்கும். நாங்கள் செய்தால் பாதிக் கரி மூக்கில் இருக்கும். தவளையின் கெண்டைக்கால் தசையை எடுத்து லீவரில் கட்டி, நரம்பில் மின்சாரம் தொட்டால் தசை வெடுக்கென்று சுருங்கும். லீவரின் முனை கரியைக் கீறிக்கொண்டு ஏறி இறங்கும். கறுப்பில் ஒரு வெள்ளைக் குன்று. அடியில் நொடிக்கு நூறு முறை அதிரும் இசைக்கவை தன் அலையை எழுதிக்கொண்டே போகும். அந்த அலைகளை எண்ணினால் கணக்கு கிடைக்கும்: மின்சாரம் தொட்ட பிறகு நூற்றில் ஒரு நொடி தசை சும்மா இருக்கும், நூற்றில் நான்கு நொடி சுருங்கும், நூற்றில் ஐந்து நொடி தளரும். மொத்தமும் பத்தில் ஒரு நொடி.

முடிந்ததும் தாளைக் கத்தியால் கீறிப் பிரித்து, குண்டூசியால் பெயரும் தேதியும் கரியிலேயே எழுதி, அரக்குத் தொட்டியில் ஒரு முக்கு முக்கி, கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவோம். காய்ந்தால் கரி உதிராது. ரெக்கார்டு நோட்டில் ஒட்டிக் கையெழுத்து வாங்கலாம். ஆய்வுக்கூடத்தின் ஒரு மூலையில் எந்நேரமும் வரிசையாகக் கறுப்புத் தாள்கள் ஆடிக்கொண்டிருக்கும்.

ஃபிசியாலஜியை நான் தேடிப் போகவில்லை. அப்பா சென்னை அணுமின் நிலையத்தில் டெக்னீஷியன். நான் கல்பாக்கம் டவுன்ஷிப்பில் வளர்ந்தவள். டவுன்ஷிப் பிள்ளைகள் என்றால் இன்ஜினீயரிங்தான். அதில் ஒருத்திக்கு மெடிக்கல் கிடைத்தது என்று தெருவே கேசரி சாப்பிட்டது. திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு பஸ்ஸில் போய் வந்து எம்.பி.பி.எஸ் முடித்தேன். மேற்படிப்புப் பட்டியலில் என் முறை வந்தபோது மெடிசின், மகப்பேறு, குழந்தை மருத்துவம் எல்லாம் போயிருந்தது. மிச்சமிருந்ததில் ஃபிசியாலஜி கொஞ்சம் பழகிய முகம். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் எம்.டி சேர்ந்தேன்.

அம்மாவுக்குத் தாங்கவில்லை. “ஏண்டி, இத்தனை வருஷம் படிச்சிட்டு இன்னும் படிச்சுத் தவளை அறுக்கவா போறே? நாலு பேருக்கு ஊசி போடற டாக்டர்னா ஒரு மரியாதை.”

எங்கள் உலகில் அப்போதும் இப்போதும் இரண்டே சாதி: கிளினிக்கல், நான்-கிளினிக்கல். கல்யாணப் பத்திரிகையில் எம்.டி என்று போடுவார்கள், எந்த எம்.டி என்பதைப் போட மாட்டார்கள். டவுன்ஷிப்பில் விடுமுறைக்கு வந்தால் எதிர்வீட்டு அக்கா பேத்தியைத் தூக்கிக்கொண்டு வருவார். மருந்து எழுதிக் கொடுத்தால், “நீ சும்மா பாடம் நடத்தற டாக்டராமே, எதுக்கும் ஆஸ்பத்திரியில ஒரு வாட்டி காட்டிடறேன்” என்று சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போவார்.

அப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு என் படிப்பின் மேல் வேறு ஒரு ஆர்வம் இருந்தது. சட்டையில் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி பேட்ஜ் குத்திக்கொண்டு வேலைக்குப் போகிறவர். குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தடவை ஹோல் பாடி கவுண்ட்டரில் படுக்கவைத்து உடம்புக்குள் ஏதாவது கதிரியக்கம் போயிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டார்:

“எங்க எல்லாருக்கும் அந்த கிராஃப்ல ஒரே இடத்துல ஒரு கோடு எழும்புது. பிளான்ட்டுக்குள்ளயே போகாத ஆபீஸ் கிளார்க்குக்கும் எழும்புது. கேட்டா பொட்டாசியம்னு சொல்றாங்க. நீ அதைத்தானே படிக்கிறே?”

அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். எழுபது கிலோ மனிதர் உடம்பில் சுமார் 140 கிராம் பொட்டாசியம் இருக்கும். அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பொட்டாசியம்-40, இயற்கையிலேயே கதிர்வீசுவது. நொடிக்கு நாலாயிரத்துக்கு மேற்பட்ட அணுக்கள் நமக்குள் சத்தமில்லாமல் சிதைந்துகொண்டிருக்கின்றன. கல்பாக்கத்துக்காரருக்கும் அதே கணக்கு, கயத்தாற்றுக்காரருக்கும் அதே கணக்கு. செல்லுக்குள் பொட்டாசியத்தை அடைத்துவைத்து, வெளியே சோடியத்தைத் தள்ளிவைத்து, பொட்டாசியம் மெல்லக் கசிவதில்தான் நரம்பின் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிட ஒரு 70 மில்லிவோல்ட் தாழ்ந்து நிற்கிறது. தசைக்கு 90. அந்த வித்தியாசம் இல்லாவிட்டால் நினைப்பும் இல்லை, நடையும் இல்லை. பின்னாளில் நான் வகுப்பில் நின்று இந்தப் பாடத்தை எடுத்த ஒவ்வொரு தடவையும் அப்பாவின் கிராஃபிலிருந்துதான் ஆரம்பித்தேன். “நீங்க எல்லாரும் கதிரியக்கம் உள்ளவங்கதான்” என்றதும் கடைசி பெஞ்சு கூட நிமிரும்.

தவளைக்கு வருகிறேன். கல்லூரிக்குத் தவளை கொண்டுவந்தவர் ஓர் இருளர். கொளவாய் ஏரிப் பக்கத்திலும் பாலாற்றுக் கரை வயல்களிலும் ராத்திரியில் டார்ச் அடித்துப் பிடித்து, காலையில் நனைத்த கோணிச்சாக்கில் கொண்டுவருவார். பெரிய பச்சைத் தவளை. பிராக்டிகலுக்கு எது தேறும் என்று எங்களைவிட அவருக்குத் தெரியும். “இது வேணாம்மா, சோர்ந்துபோன தவளை, உங்க மிசின்ல கோடு சரியா வராது” என்று ஒதுக்கிவைப்பார். தசைக் களைப்பு என்ற பாடத்தைப் படிக்காமலே தெரிந்து வைத்திருந்த மனிதர். வடநெம்மேலியில் பாம்பு பிடிக்கும் இருளர்களின் கூட்டுறவுச் சங்கம் 1978-ல் தொடங்கியது. பிறகு அவரும் அந்தப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். 2023-ல் இந்த மாவட்டத்து இருளர்கள் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் பத்மஸ்ரீ என்று செய்தி வந்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது அந்தக் கோணிச்சாக்குதான். எங்கள் பாதிப் பாடம் அவர்கள் கையிலிருந்து வந்தது. எந்த ரெக்கார்டு நோட்டிலும் அதற்கு நன்றி எழுதியதில்லை.

தவளைத் தசை காயாமல் இருக்க அதன் மேல் சொட்டுச் சொட்டாக ரிங்கர் திரவம் விடுவோம். எங்கள் பேராசிரியர் அந்தக் கதையைச் சொல்லாமல் பிராக்டிகலை ஆரம்பிக்க மாட்டார். சிட்னி ரிங்கர் லண்டனில் நோயாளிகளைப் பார்க்கும் டாக்டர், ஆராய்ச்சி மிச்ச நேரத்து வேலை. 1880களின் தொடக்கத்தில் தவளை இதயம் உப்புத் தண்ணீரில் மணிக்கணக்காகத் துடித்துக்கொண்டிருந்தது. பிறகுதான் தெரிந்தது, உதவியாளர் காய்ச்சி வடித்த தண்ணீருக்குப் பதில் குழாய்த் தண்ணீரில் உப்பைக் கரைத்திருக்கிறார் என்று. சுத்தத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தால் இதயம் சீக்கிரமே ஓய்ந்தது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் துடிப்பைத் தாங்கியிருக்கிறது. “அந்த உதவியாளர் மட்டும் சோம்பேறியா இல்லாம இருந்திருந்தா” என்று சொல்லி நிறுத்தி, எங்கள் அட்டெண்டர் அண்ணனைப் பார்ப்பார் பேராசிரியர். “சார், நான் டிஸ்டில்டு வாட்டர்தான் ஊத்தினேன்” என்பார் அண்ணன், வருஷா வருஷம், அதே ரோஷத்தோடு.

அந்தப் பேராசிரியரும் என்னைப்போல் பட்டியலின் வாலிலிருந்து வந்தவர். அறுவை சிகிச்சை நிபுணராகும் ஆசை இருந்தது, கிடைக்கவில்லை. சாயங்காலம் ஊரில் கிளினிக் வைத்திருந்தார். மதியம் மூன்று மணிக்கு மேல் அவர் மனசு அங்கே போய்விடும். நான் ஒருநாள் என் வருத்தத்தைச் சொன்னபோது அலமாரியிலிருந்து கைட்டன் எழுதிய ஃபிசியாலஜிப் புத்தகத்தை எடுத்து மேஜையில் வைத்தார். “இந்த ஆளு ஹார்ட் சர்ஜன் ஆக இருந்தவரு. பயிற்சி முடியறதுக்குள்ள போலியோ வந்து கை கால் போச்சு. சொந்த ஊர்ப் பக்கம் போய் மிசிசிப்பியில ஃபிசியாலஜி வாத்தியார் ஆனார். 1956-ல இந்தப் புத்தகம். உலகம் பூரா எந்த சர்ஜன் இவர் புத்தகத்தைப் படிக்காம சர்ஜன் ஆனான், சொல்லு.” பிறகு கொஞ்சம் யோசித்து, “அவரோட பத்துப் பிள்ளைகளும் டாக்டர்” என்றும் சேர்த்துக்கொண்டார். எது அவருக்குப் பெரிய சாதனையாகத் தெரிந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் ஃபிசியாலஜியைத் தேடி வந்தவர்களும் இருந்தார்கள். எம்.டி படிக்கும்போது தரமணியில் டாக்டர் ஏ.எல். முதலியார் பெயரிலுள்ள முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிலையத்துக்கு அடிக்கடி போவேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் நிலையம் அது. அங்கே பி.எச்டி செய்துகொண்டிருந்த ஒரு அக்கா பழக்கமானார். எம்.பி.பி.எஸ் படிக்காதவர். விலங்கியல் பட்டம், பிறகு மெடிக்கல் ஃபிசியாலஜியில் எம்.எஸ்ஸி. எலியின் இதயத் தசையை வைத்துக்கொண்டு ராத்திரி பத்து மணிக்கும் அங்கேயே இருப்பார். எனக்குப் பரீட்சைக்காகத் தெரிந்த விஷயம் அவருக்கு ருசிக்காகத் தெரிந்திருந்தது. இதயத் தசை இழுபட இழுபட வலுவாகச் சுருங்கும் என்ற ஸ்டார்லிங் விதியை நான் ஒப்பிப்பேன். அவர், “அது ஏன் அப்படி நடக்குதுன்னு தெரியுமா உனக்கு?” என்று கேட்டு, காகிதத்தில் தசை இழைகளைக் கோடு கோடாகப் போட்டு, இழுத்தால் எந்த இழை எதன் மேல் எவ்வளவு படியும் என்று அரை மணி நேரம் வரைவார். அதற்குப் பிறகு எனக்கு அது மறந்ததே இல்லை.

சுப்பாராவ் கதையை எனக்குச் சொன்னவரும் அந்த அக்காதான். யெல்லப்பிரகட சுப்பாராவ், மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்தவர். கதர் உடுத்தியது பேராசிரியருக்குப் பிடிக்காமல் போய், முழுப் பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ்ஸோடு வெளியே வந்தவர். அமெரிக்கா போய், ஆஸ்பத்திரியில் ராத்திரி எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே படித்து, ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் ஆய்வாளர் ஆனார். 1925-ல் அங்கிருந்த ஃபிஸ்க்கோடு சேர்ந்து ரத்தத்தில் பாஸ்பரஸ் அளக்கும் முறையைக் கண்டுபிடித்தார். இன்றைக்கும் மருத்துவ மாணவர்கள் ஃபிஸ்க்-சுப்பாராவ் என்று படிக்கிறார்கள். தசை எதைச் செலவழித்துச் சுருங்குகிறது என்ற கேள்வியில் பாஸ்போகிரியேட்டின், ஏ.டி.பி என்று அவர்கள் ஆய்வுக்கூடம் போட்ட பாதை பெரிது. இத்தனைக்கும் ஹார்வர்டில் நிரந்தர இடம் கிடைக்கவில்லை. 1940-ல் லெடர்லி என்ற மருந்துக் கம்பெனிக்குப் போனார். போன இடத்தில் அவர் குழு ஃபோலிக் அமிலத்தைத் தயாரித்தது, புற்றுநோய் மருந்து மெத்தோட்ரெக்சேட் வந்தது, ஆன்டிபயாடிக் ஆரியோமைசின் வந்தது. ஐம்பத்து மூன்று வயதில், 1948-ல், போய்ச் சேர்ந்தார்.

கொடியில் தொங்கிய என் தசைக் களைப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே அக்கா சொன்னார்: “சுப்பாராவுக்கே நாற்காலி கிடைக்கலை. நாம எந்த மூலை?”

அவர் பிறகு அமெரிக்காவில் ஒரு மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு போஸ்ட்டாக்காகப் போனார். அந்த வாழ்க்கை எப்படிப்பட்டது என்பது அவர் கடிதங்களில்தான் எனக்குத் தெரிந்தது. பேராசிரியரின் மானியம் இருக்கும்வரை வேலை. மானியம் தீரும் தேதிதான் இவர் வாழ்க்கையின் தேதி. விசா அதற்குள், வீட்டு வாடகை அதற்குள், கல்யாணப் பேச்சு அதற்குள். ஆனால் ஒரு கடிதம் முழுக்க, தனியாகப் பிரித்தெடுத்த ஒரே ஒரு இதயச் செல் கண்ணெதிரே சுருங்குவதையும், அதற்குள் கால்சியம் பளிச்சென்று ஒளிர்வதையும் பற்றி எழுதியிருந்தார். ரிங்கரின் குழாய்த் தண்ணீரில் வந்த அதே கால்சியம். அதை நான் மூன்று தடவை படித்தேன். எனக்குப் பொறாமையாக இருந்தது.

திரும்பி வந்தார். வெளிநாட்டிலிருந்து திரும்பும் விஞ்ஞானிகளுக்கு ராமலிங்கசுவாமி ஃபெலோஷிப், வெல்கம் டிரஸ்டும் மத்திய அரசும் சேர்ந்து நடத்தும் இந்தியா அலையன்ஸ் மானியம் என்று கதவுகள் திறந்தது பிறகுதான். அவர் வந்த நேரத்தில் கையில் கட்டுரைகள் இருந்தன, வேலை இல்லை. கடைசியில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் ட்யூட்டர். அவருக்கு நேற்று எம்.டி முடித்த பையன் சம்பளத்தில் பாதி. பாடம் எடுக்க, மாணவர்களுக்கு ஆய்வு சொல்லிக்கொடுக்க, இரவு உட்கார்ந்து கட்டுரை திருத்த எல்லாம் அவர் வேண்டும். துறைத் தலைவர் நாற்காலி மட்டும் வராது. எம்.பி.பி.எஸ் இல்லாதவரை டாக்டர் என்று கூப்பிடுவதா என்று ஸ்டாஃப் ரூமில் ஒரு விவாதமே நடந்ததாம். இத்தனைக்கும் அந்த அறையில் இருந்த ஒரே பி.எச்டி அவர்தான்.

அனாடமி, ஃபிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி துறைகளில் ஆள் போதாமல்தான் எம்.எஸ்ஸி, பி.எச்டி படித்தவர்களை எடுக்க அனுமதி வந்தது. ஃபிசியாலஜியில் 30 சதவீதம்வரை. 2020-ல் தேசிய மருத்துவ ஆணையம் அதை 15 ஆக இறக்கியது. எம்.டிகள் எண்ணிக்கை கூடிவிட்டது, இனி இவர்கள் வேண்டாம் என்பது கணக்கு. மருத்துவம் படித்தவரே மருத்துவ மாணவருக்குச் சொல்லித்தர வேண்டும் என்ற வாதத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஒரு நோயாளியின் மூச்சுத் திணறலைக் கண்ணால் பார்த்தவர் நுரையீரல் பாடம் எடுப்பதில் ஒரு பலம் இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்து மருத்துவ மாணவர்கள் பரீட்சைக்கு முந்தின நாள் நம்பிப் புரட்டும் செம்புலிங்கம் புத்தகத்தை எடுத்து அட்டையைப் பாருங்கள். கே. செம்புலிங்கம், பிரேமா செம்புலிங்கம், இரண்டு பெயருக்குப் பின்னாலும் பி.எச்டி. அந்தப் புத்தகம் படித்துத் தேறியவர்கள் இவர்களைப் போன்றவர்களை வாசலில் நிறுத்தினார்கள் என்பதுதான் எனக்கு உறுத்தல். 2025-ல் வந்த புது விதி கதவைக் கொஞ்சம் திறந்திருக்கிறது. அக்கா அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார்.

என் கதை அரசுப் பாதை. ட்யூட்டர், அசிஸ்டெண்ட் புரொபசர், மாறுதல், மறுபடி மாறுதல், அசோசியேட், புரொபசர். ஆராய்ச்சி என்பது பதவி உயர்வுக்கான கட்டுரை என்று ஆனது நடுவில்தான். 2015-ல் முதல் இரண்டு ஆசிரியர் பெயருக்குத்தான் மதிப்பு என்று அப்போதைய மருத்துவக் கவுன்சில் சொன்னதும், அதுவரை ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பணம் இல்லை, கருவி இல்லை. இருப்பது மாணவர்கள். அதனால் எங்கள் ஆராய்ச்சி எல்லாம் அவர்கள் உடம்பில்தான் நடந்தது. ஐஸ் தண்ணீரில் ஒரு நிமிஷம் கையை முக்கி ரத்த அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பது, பிராணாயாமத்துக்கு முன்னும் பின்னும் இதயத் துடிப்பை எண்ணுவது. சிரிக்கலாம். ஆனால் ஐ.சி.எம்.ஆர் மாணவர்களுக்குக் கொடுக்கும் குறுகிய கால ஆய்வு உதவித்தொகைக்கு என்னிடம் வந்த ஒரு பெண் அந்த ஐஸ் வாளியில் தொடங்கித்தான் இன்றைக்கு நரம்பியலில் ஆய்வு செய்கிறாள்.

உண்மையான ஆராய்ச்சியை நான் கிட்டத்தில் பார்த்தது, வேடிக்கை என்னவென்றால், என் சொந்த ஊரில். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் ஸ்குவிட் என்ற உணரியை அவர்களே செய்து, இதயத்தின் காந்தப்புலத்தை அளக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். இதயம் துடித்தால் மின்சாரம் ஓடுகிறது, மின்சாரம் ஓடினால் காந்தப்புலம் இருந்தே தீரும். ஆனால் அது பூமியின் காந்தப்புலத்தில் சுமார் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். ஆகையால் வெளிக் காந்தப்புலம் நுழையாத தனி அறை கட்ட வேண்டும், திரவ ஹீலியத்தில், அதாவது மைனஸ் 269 டிகிரியில், உணரியைக் குளிரவைக்க வேண்டும். வாசலில் வண்டி நின்றால் தெரியுமாம், அறைக்கு வெளியே லிஃப்ட் நகர்ந்தால் தெரியுமாம். பெல்ட், சாவி, கொக்கி, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு உள்ளே படுத்த ஓர் இளைஞரின் நெஞ்சுக்கு மேல், தோலைத் தொடாமல், கருவி நின்றது. வெளியே திரையில் அலை எழும்பியது. ஒயர் இல்லை, ஜெல்லி இல்லை. நான் கரித்தாளில் பார்த்த துடிப்பின் இன்னொரு முகம்.

அங்கே இருந்தவர்கள் எல்லோரும் இயற்பியல்காரர்கள். ஓர் ஆய்வு மாணவர் என்னிடம், “மேடம், இந்த அலையில இந்த இடம் கொஞ்சம் வளைஞ்சு வருது, இது நாய்ஸா, இல்ல இதயம் நிஜமாவே அப்படிச் செய்யுதா?” என்று கேட்டார். அரை மணி நேரம் நின்று பேசினோம். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அக்காவுக்கு போன் போட்டேன். “பார்த்தியா, அந்த அறையில ஒரு ஃபிசியாலஜிக்காரி நிரந்தரமா உக்கார இடம் இருந்திருக்கணும்” என்றார். எனக்கும் அதுதான் தோன்றியது. மருத்துவக் கல்லூரியில் கேள்வி இருந்தது, கருவி இல்லை. முப்பது கிலோமீட்டர் தள்ளிக் கருவி இருந்தது. நடுவில் திருக்கழுக்குன்றம் பஸ் ஒன்றுதான் இணைப்பு.

தவளை போய்விட்டது. தவளைக் கால் ஏற்றுமதியை 1987-லேயே தடை செய்தார்கள். ஆய்வுக்கூடத்துக்கான கட்டுப்பாடுகள் மெல்ல மெல்ல வந்தன. இப்போது கம்ப்யூட்டர் திரையில் ஒரு தவளை இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் தசை சுருங்கும், ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு, ஒரே உயரம். அது களைத்ததாகச் சொன்னால் களைத்தது. தவளைகளைக் கொன்றதை நினைத்து நான் ஏங்கவில்லை, அத்தனை தவளை தேவைப்படவும் இல்லை. முதல் வருஷம் பதினெட்டு மாதமாக இருந்ததை 1997-ல் ஒரு வருஷமாகச் சுருக்கிய பிறகு அதற்கு நேரமும் கிடையாது. ஆனால் திரைத் தவளையிடம் கேள்வி வராது. கோடு ஏன் கோணலாக வந்தது என்று தலையைப் பிய்த்துக்கொண்ட மாணவன்தான் ஃபிசியாலஜி படித்தான்.

போன மாதம் பக்கத்துத் தெருப் பையன் அம்மாவோடு வந்திருந்தான். நீட் பி.ஜி எழுதியிருக்கிறான். கிளினிக்கல் கிடைப்பது சந்தேகம், எம்.டி ஃபிசியாலஜி எடுக்கலாமா என்று யோசனை. இந்த இடங்கள் எவ்வளவு காலியாகக் கிடக்கின்றன என்பதற்கு 2023-ல் தகுதிச் சதமானத்தைப் பூஜ்யத்துக்கே இறக்கியதைச் சொன்னால் போதும். புதிது புதிதாகக் கல்லூரி வருவதால் வேலை கிடைக்கும், ஓய்வு பெற்ற எங்களைப் போன்றவர்களையே வலைபோட்டுத் தேடுகிறார்கள் என்றேன். முகம் காட்டி வருகை பதிய வேண்டும், அவ்வளவுதான் கஷ்டம். ஆராய்ச்சி பண்ண ஆசை இருந்தால் வேறு ஒருவரிடம் பேசு என்று அக்காவின் நம்பரைக் கொடுத்தேன். வாசல் திண்ணையிலேயே உட்கார்ந்து போன் போட்டான். உள்ளே காபி ஆறியது. அவன் கேட்டுக்கொண்டிருந்ததிலிருந்து, அக்கா தசை இழை வரைய ஆரம்பித்துவிட்டார் என்று புரிந்தது. “மேடம், வீடியோ கால்ல வரட்டுமா?” என்றான்.

அவன் அம்மாவுக்கு வேறு கவலை. குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “இதைப் படிச்சா சாயங்காலம் கிளினிக் வைக்கலாமாக்கா?”

“எம்.பி.பி.எஸ் இருக்கே, தாராளமா வைக்கலாம்.”

“அப்ப சரி. போர்டுல எம்.டின்னு பெருசா எழுதிடலாம். எதுல எம்.டின்னு யாரு கேக்கப்போறாங்க?”

நான் கேட்பேன் என்றேன். சிரித்துக்கொண்டே காபியைச் சூடாக்கிக் கொண்டுவரச் சொன்னார்.